ஆறு இடங்களில் ஒற்று

ஈவ்லின் டீச்சர் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போன தாள்களில் நான்காவதைப் புரட்டியதும் தேவானந்தத்தின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. அந்தத் தாளில் இருந்தது அவர் எழுதிய கவிதை.

கிழக்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அவருடைய கடை. முன்னால் இரண்டு ஜெராக்ஸ் மெஷின். தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர். சுற்றுவட்டாரத்தில் தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அவரிடம்தான் தட்டச்சுக்குக் கொடுப்பார்கள். ஒற்றுப்பிழை விடாதவர் என்று அவருக்குப் பெயர். ஈவ்லின் பம்மலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. நாற்பத்தாறு வயது. பள்ளி வேலைக்கு நடுவே ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த இளைஞர்கள் இங்கே முகாம்களில் கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட இதழ்கள், அவற்றில் வந்த போர்க்கவிதைகள், அந்தக் கவிதைகளின் யாப்பு. இதுதான் பொருள். அவர் அதைச் சொன்னபோது தேவானந்தம் தலையை ஆட்டிவிட்டு, எத்தனை பக்கம் வரும் என்று மட்டும் கேட்டார்.

தாளில் ஒட்டியிருந்தது பழைய இதழ் ஒன்றின் நகல். 1997 என்று மேலே போட்டிருந்தது. கையெழுத்து அவருடையதல்ல, முகாமில் எழுத்து அழகாக இருந்த ஒரு பெண் படியெடுத்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.

படலை திறந்து வைத்திரு தாயே
உடலைத் தூக்கி வருகிறார் நால்வர்
கடலைக் கடந்தான் ஒருவன்
குடலைப் பிடித்துக் கிடந்தவன் நானே.

இப்படி ஆறு பாக்கள். தேவானந்தம் இரண்டாவதுக்குப் போகவில்லை. எழுந்து போய்த் தடுப்பின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முன்பக்கத்தில் யாரோ கடைப் பையனிடம் ஆதார் கார்டை இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய பெயர் தேவானந்தம் அல்ல. இலங்கையில் மன்னார்க் கரையில் ஒரு சிறிய ஊரில் சந்தியாப்பிள்ளையின் இரண்டாவது மகன் அமலதாஸ். தொண்ணூற்றாறில், இருபத்திரண்டு வயதில், படகில் வந்து மணல்திட்டில் இறங்கியவர். இளைஞர்களைத் தனியாக விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எங்கேயும் பதிவு செய்துகொள்ளவில்லை. முகாமில் இருந்த சித்தியின் குடிசையில் பதினொரு மாதம் ஒளிந்திருந்தார். பிறகு சென்னை. பல்லாவரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை கேட்டபோது வாயில் வந்த பெயரைச் சொன்னார், ஊர் ராமநாதபுரம் பக்கம் என்றார். அந்தப் பெயருக்கு ஒரு ரேஷன் கார்டு வந்தது. அதைக் காட்டி வாக்காளர் அட்டை, அதைக் காட்டி ஆதார். பேச்சையும் மாற்றிக்கொண்டார். ஓரிரு வருடத்தில் பஸ் கண்டக்டர்கூட அவரை வெளியூர் என்று சொல்ல மாட்டார் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மனைவி ஜான்சிக்கு மட்டும் எல்லாம் தெரியும். திருமணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்.

மகள் யூனிஸுக்குத் தெரியாது. அவளுக்குப் பத்தொன்பது வயது, மேடவாக்கம் பக்கம் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது 2006-இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே சட்டம் மாறிவிட்டது. அப்பா அம்மா இருவரில் ஒருவர் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவர் என்றால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. இதை அவர் ஒரு வக்கீலின் மனுவைத் தட்டச்சு செய்தபோது தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து தன்னைப் பற்றிய பயம் குறைந்து அவளைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது.

அந்தத் தாள்களை மறுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் என்று டீச்சர் கேட்பார். வேறு கடைக்குப் போவார், அங்கே என்ன எழுதுகிறார் என்று தெரியாமலே போய்விடும். அதைவிடத் தானே அடிப்பது மேல் என்று முடிவு செய்தார்.

முதல் இயல் யாப்பைப் பற்றியது. 'ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பாவுக்கு இயல்பே' என்று ஈவ்லின் எழுதியிருந்தார். 'ஆயினும் இக்கவிஞர் ஆறு பாக்களிலும், கடலைக் கடந்தவனைச் சொல்லும் அடியையே அந்த இடத்தில் வைக்கிறார். மற்ற மூன்று அடிகளுக்கும் நான்கு சீர் உண்டு. தப்பியவனுக்கு ஒரு சீர் குறைவு. இலக்கணம் அனுமதிக்கும் இடத்தில் கவிஞர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்.'

தேவானந்தம் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அன்று முகாமில் முதலில் 'கடலைக் கடந்தான் ஒருவன் தப்பி' என்றுதான் எழுதியிருந்தார். அந்தக் கடைசிச் சொல்லை எழுதிய கையோடு வெட்டினார். மூன்று சீர் போதும் என்று இலக்கணமே சொல்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அந்த வெட்டை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் எதுகையைப் பற்றிய இயல் வந்தது. படலை, உடலை, கடலை, குடலை. உடலை, கடலை, குடலை என்ற மூன்றிலும் வேற்றுமை உருபு இருக்கிறது, அதனால் ஒற்று மிகுகிறது: உடலைத் தூக்கி, கடலைக் கடந்தான், குடலைப் பிடித்து. படலைக்குப் பின்னால் மட்டும் ஒற்று இல்லை. 'தட்டியைக் குறிக்கும் படல் என்ற சொல்லோடு ஐ உருபு சேர்ந்திருந்தால் படலைத் திறந்து என்றே வந்திருக்கும். எனவே இங்கே படலை என்பதே முழுச் சொல். வேலியில் அமைந்த வாயிற்கதவை இப்படிச் சொல்வது வட இலங்கை வழக்கு. இவர் தமிழகக் கவிஞர் அல்லர்.'

ஒரு ஒற்று இல்லாததை வைத்து இந்தப் பெண் தன்னை மன்னார் வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டார் என்று தேவானந்தத்துக்குத் தோன்றியது. அன்று கடையின் மேல் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்தது. தாம்பரத்தில் அது தினமும் கேட்கிற சத்தம். அன்று அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது போகும்வரை அப்படியே இருந்தார்.

மூன்றாவது இயல் மடக்கு. ஒவ்வொரு பாவும் ஒரே அடியில் தொடங்குகிறது, மூன்றாவது அடியும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறாவது பாவில் மட்டும் இரண்டும் மாறுகின்றன.

படலை சாத்தி உறங்குக தாயே
திடலைத் தோண்டிப் புதைத்தனர் என்னை
கடலைக் கடந்தான் இளையோன்
விடலை எனக்கோர் விளக்கினி ஏனே.

'ஐந்து முறை ஒருவன் என்று சொல்லிவிட்டு ஆறாவது முறை இளையோன் என்கிறார். பேசுகிறவன் இறந்துபோன அண்ணன். கடந்தவன் அவனுடைய தம்பி. அண்ணனின் வாயில் வைத்து இதை எழுதியிருக்கக்கூடியவன் அந்தத் தம்பி ஒருவனே.' இயலின் கடைசியில் ஒரு வரி: 'அவர் இன்று தமிழ்நாட்டில் வாழ்பவராக இருக்கலாம். அவர் யார் என்பதை நான்காம் இயலில் காண்போம்.'

நான்காம் இயலில் பெயர் இல்லை. ஆனால் பெயருக்கான இடம் இருந்தது. இதழ் வந்த முகாமில் இருந்தவர்கள் பெரும்பாலும் மன்னார்க்காரர்கள் என்பதால், அண்ணன் இறந்து தம்பி கடல் கடந்த குடும்பம் எது என்று அந்தப் பகுதிப் பங்குத்தந்தை ஒருவருக்கு எழுதியிருப்பதாகவும், பதில் வந்ததும் சேர்ப்பதாகவும் ஈவ்லின் பென்சிலில் குறித்திருந்தார்.

அன்று மாலை தேவானந்தம் பின்னிணைப்பை அடித்தார். கவிதை முழுவதும் அங்கேதான் வருகிறது. முதல் பாவில் படலை என்று அடித்தவர், அடுத்து த் அடித்தார். படலைத் திறந்து. அலகிட்டுப் பார்த்தார். ஒற்றுக்கு அலகு இல்லை. சீர் கெடவில்லை, எதுகையும் கெடவில்லை. இந்தப் பக்கத்து ஆள் எவனோ படலைத் திறந்துவைக்கச் சொல்லி எழுதிய கவிதை ஆகிவிட்டது. ஐந்து பாக்களிலும் த் போட்டார். ஆறாவதில், சாத்திக்கு முன்னால், ச் போட்டார். இரண்டாம் இயலோடு இது முரண்படும் என்று தெரியும். முரண்படட்டும், வாதமே தப்பு என்று யாராவது சொல்லி அந்த நான்காம் இயல் விழட்டும். அச்சுக்குக் கொடுத்தார். மறுநாள் ஈவ்லின் வந்து தாள்களை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கடைக்குள் வந்தார்.

"இங்க தேவானந்தம் யாரு?"

கடைப் பையன் வெளியே போயிருந்தான், வேறு ஆள் இல்லை. அவர் கையை மட்டும் தூக்கினார்.

"நீதானா. இன்னா சார், மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்கீது? ஸ்டேஷன்ல மெஷின் ரிப்பேரு. இத்த நாப்பது காப்பி எட்து குடு, அவசரம். ஏட்டையாதான் உன் பேரச் சொன்னாரு."

தேவானந்தம் நாற்பது காப்பி எடுத்தார். எண்ணிப் பார்க்கையில் நாற்பத்திரண்டு இருந்தது. அந்த ஆள் போனபிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஈவ்லின் வந்தார். எப்போதும் வாசலில் நின்று வணக்கம் சொல்கிறவர், அன்று நேராகத் தடுப்புக்கு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கைடு ராஜகோபாலன் சார் என்னை ஒரு மணி நேரம் நிக்க வெச்சுக் கேட்டார் சார். ரெண்டாவது இயல்ல ஒற்று இல்லன்னு வாதம் பண்றேன். பின்னிணைப்புல ஆறு இடத்துலயும் ஒற்று இருக்கு. 'மூலத்தையே ஒழுங்காப் பாக்காம ஆறு வருஷம் என்னம்மா பண்ணினே'ன்னார். கிளார்க்குங்க எதிர்ல."

"தப்பா விழுந்திருக்கும் மேடம். சாஃப்ட்வேர்ல சில நேரம் அதுவே..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவர் பையிலிருந்து அச்சுத்தாளை எடுத்து மேஜையில் விரித்தார். ஆறு இடங்களில் சிவப்பு மையால் வட்டம். "அஞ்சு இடத்துல த் இருக்கு. கடைசில சாத்தின்னு வருது, அங்க சரியா ச் இருக்கு. ஒரு இடத்துல விழுந்தா பிழை. ஆறு இடத்துல, அதுவும் இலக்கண சுத்தமா விழுந்தா, யாரோ யோசிச்சுப் பண்ணிருக்காங்க."

தேவானந்தம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தட்டினா என் வாதம் விழும்னு தெரிஞ்சவங்க பண்ணினது இது. கைடுக்கே நான் ரெண்டு தடவை விளக்க வேண்டியிருந்துச்சு." ஈவ்லினின் குரல் உயரவில்லை. "நீங்க எந்த ஊர் சார்?"

"ராமநாதபுரம் பக்கம்."

"பக்கம்னா?"

அவர் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதிய ஊர். அந்தப் பெயர் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஈவ்லின் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆய்வேடு இருந்த பென்டிரைவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பீர்க்கன்கரணையில் வீட்டுக்கு வந்ததும் தேவானந்தம் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டார். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. தான் இல்லையென்றால் மகளை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. ஜான்சி தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து கட்டிலையும் அவரையும் பார்த்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

அவர் சொன்னார். கவிதையைப் பற்றி, ஒற்றைப் பற்றி, பக்கம்னா என்ற கேள்வியைப் பற்றி. ஜான்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஓடினா அதுவே போதும். ஏன் ஓடினான்னு எல்லாரும் கேப்பாங்க. யூனிஸ்கிட்ட நான் என்ன சொல்றது?"

"இருந்தா மட்டும் என்ன சொல்றது?"

"அந்த டீச்சர் போலீஸ்கிட்டப் போகணும்னா நேரா போயிருப்பாங்கல்ல. உங்ககிட்ட எதுக்கு வரணும்?" ஜான்சி துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நேரா அவங்க வீட்டுக்குப் போலாம். நானும் வரேன்."

ஈவ்லினின் வீடு பொழிச்சலூரில், இரண்டாவது மாடியில் இருந்தது. இறங்குகிற விமானம் ஜன்னலுக்கு மேலே பெரிதாகத் தெரிந்து மறையும். அந்தச் சத்தத்தில் பேச்சை நிறுத்தி நிறுத்தித்தான் தொடர வேண்டும். ஈவ்லினின் கணவர் வெளியூரில் இருந்தார். இருவரையும் வாசலில் பார்த்ததும் ஈவ்லின் ஆச்சரியப்படவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

ஜான்சிதான் ஆரம்பித்தாள். "டீச்சர், எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"படலை எண்டது எங்கட வீட்டுப் படலைதான்," என்றார் தேவானந்தம்.

ஜான்சி திரும்பி அவரைப் பார்த்தாள். திருமணமான இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சை அவள் கேட்டதில்லை.

"ஷெல் விழேக்க அண்ணா படலையடியில நிண்டவர். நான் கிணத்தடியில. அவர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு என்னைக் கூப்பிட்டவர். நான் கிட்டப் போகேல்ல. எனக்குப் பயம். பின்வேலியால பாஞ்சு கடற்கரைக்கு ஓடிட்டன். அங்க படகு ஒண்டு வெளிக்கிட நிண்டது." ஒரு விமானம் இறங்கியது. அது போகும்வரை அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். "நாலு பேர் தூக்கினதெண்டு பிறகு கேள்விப்பட்டனான். நான் அந்த நாலு பேரில இல்ல. அம்மாவுக்கு ஒரு கடிதமும் போடேல்ல, சித்தியையும் போட விடேல்ல. போட்டால் ஆரும் பிடிச்சுப்போடுவினம் எண்டு பயம். பிறகு எழுத வெக்கம்."

ஈவ்லின் எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்தார்.

"ஃபாதர்கிட்டேர்ந்து பதில் வந்துடுச்சு. வியாழக்கிழமையே. அதைப் படிச்சுட்டுத்தான் உங்க கடைக்கு வந்தேன்." அவர் படித்தார். சந்தியாப்பிள்ளை குடும்பத்தில் மூத்தவர் ஞானதாஸ் தொண்ணூற்றாறில் எறிகணையில் இறந்தார். இளையவர் அமலதாஸ் அதே நாளில் கடலில் மூழ்கியிருக்க வேண்டும். அன்று புறப்பட்ட படகுகளில் ஒன்று கவிழ்ந்தது. கோயில் முற்றத்தில் போரில் இறந்தவர்களுக்கு வைத்த கல்லில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. தாயார் 2013-இல் காலமானார்.

தேவானந்தம் போனை வாங்கிப் பார்த்தார். கல்லின் படமும் இருந்தது. விரலால் பெரிதாக்கினார். அண்ணன் பெயருக்குக் கீழே தன் பெயர். அந்த ஊரில் தன்னை யாரும் தேடவில்லை, இனித் தேடவும் மாட்டார்கள் என்ற எண்ணம் முதலில் வந்தது. அப்படி நினைத்த கணத்திலேயே தன்மீது அருவருப்பும் வந்தது. அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆன்ம சாந்திக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்திருப்பாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்குக் கோபம் போகல சார்," என்றார் ஈவ்லின். "என் மூலத்தை நீங்க திருத்திட்டீங்க. வேற ஒருத்தரா இருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். இப்போ நான் பயப்படவும் வேண்டியிருக்கு. நான் டீச்சர் வேலைல இருக்கேன். தெரிஞ்சும் சொல்லலன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"அந்த நாலாவது இயலை மட்டும்..." என்றாள் ஜான்சி.

"அந்த நாலாவது இயல்தாங்க என் ஆய்வே. சீர் பிரிக்கிறதும் எதுகை எண்றதும் யார் வேணா பண்ணுவாங்க. அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சேன் பாருங்க, அதுதான் நான் பண்ணினது." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உடனே எடுத்துடறேன்னு எனக்குச் சொல்ல வரல. ரெண்டு நாள் குடுங்க."

அந்த இரண்டு நாளும் தேவானந்தம் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். யார் வந்து நின்றாலும் முதலில் காலைப் பார்த்தார், என்ன செருப்பு, என்ன ஷூ என்று. யூனிஸ் ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, எங்க செட்ல பாதிப் பேர் பாஸ்போர்ட் அப்ளை பண்ணிட்டாங்க. உங்க டாக்குமெண்ட் எல்லாம் எப்போ தரீங்க?" என்று கேட்டாள். தேடி எடுக்கிறேன் என்றார். போன மாதமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் ஈவ்லின் கடைக்கு வந்தார். பென்டிரைவை நீட்டினார்.

"நாலாவது இயலை எடுத்துட்டேன். மூணாவதுல அந்தக் கடைசி வரியையும் எடுத்துட்டேன். ஆனா எதுகை இயல் அப்படியே இருக்கும். படலை படலையாத்தான் இருக்கணும். ஒற்றை நீங்களே எடுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

அவர் கோப்பைத் திறந்தார். முதல் பாவில் த்-ஐ அழித்தார். அடுத்தது, அதற்கடுத்தது. ஆறாவதில் ச்-ஐ அழிக்கும்போது ஈவ்லின் தாளைப் பார்த்துச் சரி என்றார்.

வாய்மொழித் தேர்வு செப்டம்பரில் நடந்தது. பார்வையாளர்கள் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். போகவேண்டாம் என்றாள் ஜான்சி. தேவானந்தம் போய்க் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போகாமல் கடையில் இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்கியிருக்க முடியாது.

மதுரையிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் முதலில் தளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு எதுகை இயலைப் பாராட்டினார். ஒரு ஒற்று இல்லாததைக் கவனித்தது நல்ல கண் என்றார். ராஜகோபாலன் சார் பெருமையாக அரங்கைப் பார்த்தார். பிறகு தேர்வாளர் பக்கத்தைப் புரட்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு கேள்விம்மா. அஞ்சு தடவை ஒருவன், ஆறாவது தடவை இளையோன். இதை நீங்களே காட்டறீங்க. காட்டிட்டு அப்படியே விட்டுட்டீங்க. அந்தத் தம்பிதான் கவிஞன்னு எனக்குப் படிச்ச உடனே பட்டுது. உங்களுக்குப் படலையா?"

தேவானந்தம் கதவைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். எழுந்தால் கதவு சத்தம் போடும், எல்லோரும் திரும்புவார்கள்.

"பட்டுது ஐயா," என்றார் ஈவ்லின். "ஆனா கவிதைக்குள்ள ஒரு தம்பி வர்றான்ங்கிறதுக்காக அவனே எழுதினான்னு நிறுவ முடியாது. அவன் பாத்திரமாவும் இருக்கலாம்."

"தேடிப் பார்க்கலாமே. கடலைக் கடந்தான்னா இங்கதானே வந்திருப்பான்? ஒருவேளை இப்பவும் இருப்பான்."

"தேடினேன் ஐயா. ஊர்க்காரங்களுக்கு எழுதிக் கேட்டேன். அங்க இறந்தவங்க பேர் வெட்டின கல்லுல அந்தத் தம்பி பேரும் இருக்குன்னு பதில் வந்துச்சு. அதோட நிறுத்திட்டேன்."

தேர்வாளர் மெல்லத் தலையசைத்தார். "அப்படியா. பாவம்," என்று சொல்லிவிட்டு, "ஆனா இதை ஆய்வேட்டுல எழுதியிருக்கணும். எழுதாதது ஒரு குறைதான்," என்று குறித்துக்கொண்டார். ஈவ்லின் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று ராஜகோபாலன் சார் கேட்டபோது அவருடைய பார்வை கடைசி வரிசை வரைக்கும் வந்து போனது. யாரும் கேட்கவில்லை. பட்டம் உறுதி என்று அறிவித்தார்கள்.

வெளியே மாணவிகள் ஈவ்லினுக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவானந்தம் பக்கத்தில் போகவில்லை. தூரத்தில் நின்று கைகூப்பினார். ஈவ்லின் பார்த்தார், ஆனால் திரும்பக் கைகூப்பவில்லை. லேசாகத் தலையசைத்துவிட்டுப் படத்துக்குத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு வந்ததே இல்லை.

ஜான்சிக்குப் போன் செய்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. செத்துட்டான்னு சொல்லிட்டாங்க."

மறுமுனையில் ஜான்சி மூச்சை விடுவது கேட்டது. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. ஒரு பள்ளி ஆசிரியை ஆறு வருடத்தில் கண்டுபிடித்ததை, மதுரைக்காரர் ஒருமுறை படித்ததும் கண்டுபிடித்துவிட்டார். ஆய்வேடு இனி நூலகத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அடுத்த மாதம் அவரும் ஜான்சியும் அகதிகள் வழக்குகளை எடுத்து நடத்துகிற ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். வழி இருக்கிறது, ஆனால் நீளம், நடுவில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றார் அவர். இப்போதைக்குப் பெண்ணைப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க விடாதீர்கள், அவளிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், தெரியாமல் அவளே போய் மாட்டிக்கொள்வது இதைவிட மோசம் என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் யூனிஸை உட்கார வைத்துச் சொன்னார்கள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கவிதையைக் காட்டச் சொன்னாள். படித்துவிட்டு, ஆறு பாக்களையும் திரும்ப ஒருமுறை படித்தாள். அழவில்லை, கோபப்படவுமில்லை.

"என் ஆதார் செல்லுமா?"

"இப்போ செல்லும்."

"இப்போன்னா?"

தெரியவில்லை என்றே சொன்னார்.

திங்கட்கிழமை காலை யூனிஸ் வழக்கம்போல எட்டு மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்பினாள். எட்டே முக்காலுக்குக் கடையில் தேவானந்தத்தின் போன் அடித்தது.

"அப்பா, மேடவாக்கம் கூட் ரோட்ல இறங்கிட்டேன். இங்க செக்கிங் நடக்குது. பைக்ல வர்றவங்களத்தான் நிறுத்தறாங்க." அவள் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

"உள்ள போனதும் சொல்லு," என்றார்.

பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். உள்ளே வந்துவிட்டேன் என்றாள். அதுவரை அவள் அப்படி அழைத்துச் சொன்னதே கிடையாது. அன்றிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் அழைக்கிறாள்.